ஓசை அடங்கிய சாலை

பயணத்தில் இரு வகை உண்டு. போய்ச் சேர்வதற்காக மேற்கொள்ளும் பயணம் ஒன்று. வழியின் இன்பத்திற்காகவே மேற்கொள்ளும் பயணம் மற்றொன்று. முன்னதற்கு விரைவு வேண்டும். பின்னதற்கு அமைதி வேண்டும். பின்னதை எனக்கு இளமையில் கற்பித்தது ஒரு பழைய ரேலி மிதிவண்டி. தலைமையாசிரியன் ஆன பிறகு அந்தப் பாடத்தை நான் மறந்தேன். மறந்ததோடு நில்லாமல் என் மாணவர்களுக்கும் அதை மறுத்தேன். அந்தப் பிழையையும், அதற்கு நான் தேடிய கழுவாயையும் எழுதி வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் இப்போது சிரம்பானை ஒட்டிய லோபாக்கில் குடியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, என்னிடம் படித்த மாணவர் ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்தது. இன்று அவர் ஐரோப்பாவில் பொறியாளர். விடுமுறையில் பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதிக்குச் சென்று, மூன்று நாள் மிதிவண்டியிலேயே சுற்றியிருக்கிறார். ஜிவ்ரி என்னும் சிற்றூரிலிருந்து குளுனி என்னும் பழைய மடாலய நகரம் வரை செல்லும் பாதை அது. முன்பு அங்கே இரயில் ஓடியது. இரயில் நின்றபின், அந்தத் தடத்தையே நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் உரிய பாதையாக்கி 1997-ஆம் ஆண்டில் திறந்துவிட்டார்கள். நீளம் 44 கிலோமீட்டர். இத்தகைய வழியைப் பிரெஞ்சு மக்கள் 'பசும்பாதை' என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள்.

கடிதத்தில் அவர் இப்படி எழுதியிருந்தார்: "ஐயா, வழியெங்கும் திராட்சைத் தோட்டங்கள். ஒரு காரும் இல்லை. ஒரு லாரியும் இல்லை. பல்சக்கரத்தில் சங்கிலி உருளும் ஒலியைத் தவிர வேறு ஒலியே இல்லை. அரை மணி நேரம் அப்படி ஓட்டிய பிறகு, நான் பிரான்சில் இருப்பதே மறந்துபோயிற்று. அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்கு வந்த செம்மண் ரோடுதான் கண்முன் வந்தது. அந்த ரோடு இன்னும் இருக்கிறதா, ஐயா?"

தமிழாசிரியர்களாகிய நமக்கு இத்தகைய கடிதம் புதிதன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். வழி நடந்து பயன் பெற்றவன், இனி நடக்க வேண்டியவனைப் பார்த்து, இன்ன திசையில் போ, இன்ன இடத்தில் இளைப்பாறு, இன்ன இடத்தில் எச்சரிக்கையாய் இரு என்று சொல்வதுதான் ஆற்றுப்படை. மலைபடுகடாம் மலைவழியின் இடர்களையெல்லாம் கூடச் சொல்லித்தான் கூத்தரை அனுப்புகிறது. என் மாணவர் எனக்கு ஓர் ஆற்றுப்படை எழுதியிருந்தார். ஆனால் அதன் கடைசி வரியில் இருந்த கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்தச் சாலை இருக்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. பத்து ஆண்டுகளாக நான் அந்தத் தோட்டப்பள்ளிக்குக் காரில்தான் போய் வந்து கொண்டிருந்தேன்.

என் இளமையும் ஒரு தோட்டத்தில்தான் கழிந்தது. லாபுவுக்கு அருகே இருந்த இரப்பர்த் தோட்டம் அது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு அப்பா மிதிவண்டியை உருட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். நண்பகலில் பால் வாளிகளை வண்டியின் இருபுறமும் தொங்கவிட்டு ஸ்டோருக்கு வருவார். ஒரு சொட்டுச் சிந்தாமல் அந்த வண்டியை அவர் ஓட்டி வரும் அழகை நான் எந்தப் பந்தயத்திலும் பின்னர்க் கண்டதில்லை. மாலையில் வாளிகளைக் கழற்றிய பிறகு வண்டி என்னுடையது. இருக்கைக்கு என் கால் எட்டாது. சட்டத்தின் நடுவே ஒரு காலை நுழைத்து, உடம்பைக் கோணலாக்கி மிதித்தே ஓட்டப் பழகினேன். முழங்காலில் அன்று பட்ட தழும்பு இன்றும் இருக்கிறது.

பால்மரக் காட்டுச் சாலையின் அமைதியைப் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். இருபுறமும் வரிசை பிசகாத மரங்கள். மேலே கிளைகள் சேர்ந்து பந்தல் போட்டிருக்கும். ஆண்டின் தொடக்கத்தில் இலைகள் சிவந்து உதிரும்போது சக்கரத்தின் கீழே சருகு நொறுங்கும் ஒலி கூடவே வரும். கித்தாக் கொட்டை முற்றும் பருவத்தில் எங்கோ ஓர் இடத்தில் காய் படீரென்று வெடிக்கும், மறுபடியும் மௌனம். எதிரே வருபவர் யார் என்பது அவருடைய வண்டி மணியிலிருந்தே தெரிந்துவிடும். ஆசிரியர் வந்தால் இறங்கி நின்று வணக்கம் சொல்வோம். கங்காணி வந்தால் இறங்குவதா ஒளிவதா என்பது அன்றைய குற்றத்தைப் பொறுத்தது.

அந்தச் சாலைகள் பிள்ளைகளுக்காகப் போடப்பட்டவை அல்ல. பாலைச் சுமந்து வருபவர்களும் மாட்டு வண்டிகளும் ஏறி இறங்குவதற்காகக் குன்றைச் சுற்றி வளைத்துப் போட்டவை. ஆகவே பெரும்பாலும் ஏற்றம் கடுமையாக இராது. இதே நியாயம் பிரான்சிலும் இருப்பதை என் மாணவரின் கடிதத்தைப் படித்த பிறகு எண்ணிப் பார்த்தேன். இரயில் எஞ்சின் செங்குத்தான மேட்டில் ஏறாது. ஆதலால் இரயில் தடம் மெல்லச் சரிந்தே செல்லும். அந்நாட்டின் தென்பகுதியில் தூலூசு நகரிலிருந்து நடுநிலக்கடல் வரை சுமார் 240 கிலோமீட்டர் செல்லும் பழைய கால்வாய் ஒன்று உண்டு, 1681-இல் திறக்கப்பட்டது. படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற குதிரைகளுக்காக அதன் கரையில் போட்ட பாதையில் இன்று மிதிவண்டிகள் செல்கின்றன. குதிரைக்கும் எஞ்சினுக்கும் சுமை தூக்கிய தொழிலாளிக்கும் எளிதாக அமைத்த வழி, பிற்காலத்தில் மிதிவண்டிக்கு எளிதாகிவிட்டது. உழைப்பின் பாதை ஓய்வின் பாதையாயிற்று. ஆனால் ஒரு வேற்றுமை: அவர்கள் அந்தப் பாதைகளைக் காத்து வைத்தார்கள்.

மிதிவண்டிக்கும் நமக்கும் உள்ள உறவு வெறும் சவாரி உறவன்று. 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்தார். பிரான்சின் கிளெர்மோன் பெரான் நகரத்து மிசெலின் உடன்பிறப்புகள் எளிதில் கழற்றி மாட்டும் டயரை 1891-இல் கொண்டு வந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிசிலிருந்து பிரெசுத் நகருக்குச் சென்று திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில், சார்ல் தெரோன் என்னும் வீரர் அந்த டயரில் ஓட்டி வெற்றி பெற்றார். உலகெங்கும் மிதிவண்டி மோகம் பெருகியது. இரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தது. மோட்டார் காருக்கு முன்னரே இரப்பரின் விலையை உயர்த்தத் தொடங்கியது மிதிவண்டிதான்.

அன்றைய இரப்பர் அமேசான் காட்டிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தது. ஆனால் 1877-இலேயே 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்திருந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைத் தாவரவியலார் ரிட்லி அங்கே வகுத்தார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் அதைத் தோட்டப் பயிராக நட்டார். பிறகு நெகிரி செம்பிலானும் பால்மரக் காடாயிற்று. அந்தக் காட்டிற்குத்தான் என் தாத்தா கங்காணி வழியாக வந்தார். தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு 1938-இல் தடை செய்வதற்குச் சில ஆண்டுகள் முன்னர். அவர் சாகும்வரை நடந்தே வேலைக்குப் போனார். உலகத்துச் சக்கரங்களுக்கெல்லாம் பால் வெட்டியவருக்குச் சொந்தமாக ஒரு சக்கரம் வாய்க்கவில்லை. எங்கள் குடும்பத்தின் முதல் மிதிவண்டி அப்பா தவணையில் வாங்கியதுதான். அதைத் துடைத்து எண்ணெய் போடும்போது அவர் பேசமாட்டார். பூசை செய்பவர் போல இருப்பார்.

மிதிவண்டி எப்போதுமே அமைதியின் ஊர்தியாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய சப்பானியப் படை, ஆயிரக்கணக்கான மிதிவண்டிகளில் ஏறித் தெற்கே வந்தது. பெருஞ்சாலையில் எதிர்ப்பு இருந்தால் தோட்டத்துச் சாலைகளுக்குள்ளே புகுந்து சுற்றி வந்தது. வெயிலில் டயர் வெடித்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்பு வளையத்தின் மேலேயே ஓட்டினார்கள். இரவில் அந்த ஓசையைக் கேட்டவர்கள் டாங்கிகள் வருவதாக எண்ணி நடுங்கினார்கள். 1942 சனவரியில் சிரம்பானும் வீழ்ந்தது. "கடகடன்னு ஒரு சத்தம் வரும்டா, புள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டுக் காட்டுக்குள்ள படுத்துக் கிடந்தோம்" என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே சாலையில் நான் பாட்டுப் பாடிக்கொண்டு மிதித்துப் போவதை லயத்து வாசலில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருப்பார். சாலை அமைதியாக இருப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

பின்னர்க் காலம் மாறிற்று. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். இந்நாட்டில் வணிகப் பயிராகச் செம்பனையை 1917-இல் சிலாங்கூரின் தெனமாராம் தோட்டத்தில் முதலில் நட்டவர் ஆன்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். பாலை வாளியில் கொண்டு வரலாம். செம்பனைக் குலையை லாரியில்தான் ஏற்ற முடியும். நான் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த பின்னர், 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முற்றுப்பெற்றது; 1998-இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தது. தோட்டங்கள் இருந்த இடங்களில் சிரம்பான் 2, சென்டாயான் என்று புதிய நகரங்கள் எழுந்தன. வீடுகள் வேண்டியவைதான், அவற்றுள் நம்மவர் வீடுகளும் உள. ஆயினும் செம்மண் சாலைகள் தார்ச் சாலைகளாகி, தார்ச் சாலைகள் லாரிச் சாலைகளாயின. பிள்ளைகளின் மிதிவண்டிகள் வீட்டுக் கூரையின்கீழ்த் துருப்பிடித்தன.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

நான் தலைமையாசிரியராக இருந்த தோட்டப்பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். அவன் வீடு மூன்று கிலோமீட்டர் தொலைவில், தோட்டத்தின் மறுகோடி லயத்தில். தந்தை உடல் நலிந்தவர். தாய் விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார். ஆகவே அவன் தங்கையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மிதிவண்டியில் வருவான். ஒரு நாள் காலையில் ஒரு லாரி நெருங்கி வந்ததில், சாலையோரச் சாக்கடையில் இருவரும் விழுந்தார்கள். பெரிய காயம் இல்லை. ஆனால் சேறு படிந்த வெள்ளைச் சட்டையோடு அவன் என் அறை வாசலில் நின்ற காட்சி என்னைக் கலக்கிவிட்டது. அன்று மாலையே சுற்றறிக்கை எழுதினேன்: மாணவர் எவரும் மிதிவண்டியில் பள்ளிக்கு வரக்கூடாது. கையெழுத்திட்டபோது பெரிய கடமையை ஆற்றிவிட்டதாக எண்ணினேன். பெற்றோர் பலர் பாராட்டவும் செய்தார்கள்.

அவன் வருகை குறைந்தது. வேன் கட்டணம் அவர்களுக்கு எட்டவில்லை. சில நாள் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் வந்தான். சில நாள் நடந்து வந்து முதல் பாடம் முடிந்த பிறகு நுழைந்தான். பல நாள் வரவேயில்லை. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தாயை அழைத்து விளக்கம் கேட்டேன். அவர் தலை குனிந்து நின்றார். "சைக்கிள்ல வந்துக்கிட்டு இருந்தான், ஐயா" என்ற ஒரு வாக்கியத்துக்கு மேல் அவர் பேசவில்லை. அந்த ஆண்டின் முடிவில் அவர்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அந்தப் பையனுக்கு ஆபத்தாயிருந்தது லாரி. நான் தடை செய்தது மிதிவண்டியை. பிழை எங்கே என்பதை ஒரு மூன்றாம் ஆண்டு மாணவனும் சொல்லிவிடுவான். ஆனால் அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இந்த நிகழ்ச்சி நடந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் பிரான்சுக் கடிதம் வந்தது. அதைப் படித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகனின் மிதிவண்டியைக் கடன் வாங்கிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். ஐம்பது வயதைக் கடந்தவன் தலைக்கவசத்தோடு மிதிவண்டியில் வருவதைக் கண்டு லயத்துக் கோழிகளும் ஒதுங்கின. "என்ன ஐயா, கார் ரிப்பேரா?" என்று ஓர் அம்மா கேட்டார். பழைய பால் ரோடு எங்கே என்று கேட்டேன். முதியவர் ஒருவர் கைத்தடியால் செம்பனை வரிசைகளுக்குள் சுட்டிக் காட்டினார்.

சாலை இருந்தது. லாலான் புல் பாதி மூடியிருந்தது. ஓரிடத்தில் சிறு பாலத்தின் பலகைகள் உளுத்திருந்தன. இருபுறமும் பால்மரத்திற்குப் பதில் செம்பனை. ஆயினும் அடியில் அதே செம்மண். குன்றை வளைத்துச் செல்லும் அதே மெல்லிய ஏற்றம். பெருஞ்சாலை வழியே மூன்று கிலோமீட்டர், இவ்வழியே நான்கரை. நடுவில் ஒரு முறை நின்று கவனித்தேன். சங்கிலியின் ஓசையும் நின்றுவிட்டதால் முழு மௌனம். பிறகு ஒரு புறாவின் குரல். என் கண்கள் கலங்கின. அந்தப் பையன் சாக்கடையில் விழுந்த நாளில் இந்தப் பாதை இங்கேயே இருந்தது. நான் தேடவில்லை.

பிறகு செய்ய வேண்டியவற்றைச் செய்தோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசினோம். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் இசைவு பெற்றோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் புல்லை வெட்டிப் பாலத்துக்குப் புதுப் பலகை இட்டோம். குலை ஏற்றும் லாரிகள் காலை ஏழரை வரை அந்தப் பக்கம் வருவதில்லை என்று உறுதி கிடைத்தது. பிள்ளைகள் தனித்து வரக்கூடாது, தலைக்கவசம் அணிய வேண்டும், பெரிய பிள்ளைகள் முன்னும் பின்னும் வரவேண்டும் என்று விதி வகுத்தோம். பழைய சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றேன். முதல் வாரம் நால்வர் வந்தார்கள். ஆண்டு முடிவில் பதினொருவர். அவர்கள் முகத்தில் இருந்த காலைப் பொலிவு வேனில் வந்த பிள்ளைகளிடம் இல்லை. கட்டுரைப் பயிற்சியில் 'நான் கண்ட காட்சி' என்று தலைப்புக் கொடுத்தால், மற்றவர் பாடநூலைப் பார்த்து எழுதினர். இவர்கள் உடும்பையும் மரங்கொத்தியையும் எழுதினர். சொல்வளம் வழியிலேயே விளைவதை அன்று கண்டேன்.

இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனம் இல்லை. தோட்டம் கை மாறினால் அந்தப் பாதைக்கு வேலி விழலாம். தேடத் தூண்டிய பையனுக்கோ அந்தப் பாதை உதவவேயில்லை. பிரான்சில் மிதிவண்டிப் பயணத்தின் தந்தை என்று போற்றப்படுபவர் பால் து விவி. 'வெலோசியோ' என்னும் புனைபெயர் பூண்டு 1887-இல் அதற்கென ஓர் இதழையே தொடங்கியவர். பெருமைக்காக வண்டி மிதிக்காதே என்பது அவர் அறிவுரைகளுள் ஒன்று. நாட்டுப்புறத்து மலைப்பாதைகளில் ஆயிரமாயிரம் மைல் சென்ற அவர், 1930-இல் தம் சொந்த நகரத்துத் தெருவில் மிதிவண்டியைக் கையில் பிடித்து நடந்தபோது, ஒரு காருக்கு ஒதுங்கி, டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார். பாதுகாப்பு என்பது ஓட்டுபவனின் திறமையில் மட்டும் இல்லை. அவனுக்கு நாம் விடும் வழியிலும் இருக்கிறது.

லோபாக்கில் என் மாலை நடையின்போது அடிக்கடி ஒரு கனவு வருகிறது. சிரம்பானிலிருந்து மம்பாவ், சிலியாவ் வழியாகப் போர்ட்டிக்சன் செல்லும் இரயில் தடம் 1891-இல் திறந்தது. தெரோன் பந்தயம் வென்ற அதே ஆண்டு. நீளம் சுமார் 39 கிலோமீட்டர். என் மாணவர் சென்ற பாதையை விடச் சற்றுக் குறைவு. ஈயத்தையும் இரப்பரையும் துறைமுகத்துக்குக் கொண்டு சென்ற அந்தத் தடத்தில் இன்று இரயில் ஓடுவதில்லை. மீண்டும் இரயில் வந்தால் மகிழ்ச்சியே. வராதாயின், புதர் மண்டுவதற்குப் பதிலாகப் பிள்ளைகள் கடல் பார்க்கப் போகும் பசும்பாதையாக அது மாறக் கூடாதா? அந்தத் தடத்தில் மண் சுமந்தவர்களில் நம்மவரும் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதில் மிதித்துப் போனால் வரலாறு ஒரு கடனைத் தீர்த்ததாகும்.

ஆசிரியத் தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சிறிது. தடை போடுவது எளிது. ஒரு கையெழுத்துப் போதும். வழி காண்பதற்குத்தான் நாம் மிதித்துப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் பள்ளியைச் சுற்றி ஒரு ஞாயிறு காலை மெல்லச் சென்று பாருங்கள். வாய்க்கால் கரையோ, பழைய பால் ரோடோ, கைவிட்ட தடமோ ஒன்று எங்கேனும் இருக்கும்.

என் மாணவருக்கு நான் எழுதிய மறுமொழி மிகச் சுருக்கமானது: "அன்புள்ள தம்பி, சாலை இருக்கிறது. நான்தான் அங்கே இல்லாமல் இருந்தேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து போவோம்." அவர் வந்தார். பின்னால் உட்கார்ந்து வந்தவர், இப்போது முன்னால் மிதித்துச் சென்றார். நான் மூச்சிரைக்கப் பின்தொடர்ந்தேன். எங்களுக்குச் சற்று முன்னே, சிறுமி ஒருத்தி தம்பியை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பினாள். எங்களைக் கண்டதும் மணியை அடித்து, இறங்கி நின்று, "வணக்கம், ஐயா" என்றாள்.